பார்க்கவா, கேட்கவா?

(ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயில்கள் எப்படிக் கட்டப்பட்டன, உள்ளே என்னென்ன சாமான்கள் இருந்தன என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "பெஞ்சு, தொட்டி, மணி, அவ்வளவுதானே? ஒரு மணி நேரம் என்ன பேசுவீர்கள்?" என்றார். பெஞ்சைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். பயப்படாதீர்கள், பேசமாட்டேன்.

முதலில் நம் ஊர்ப் பேச்சிலிருந்து இரண்டு கேள்விகள். திருநெல்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை பேரனிடம், "பூசை கண்டியாலே?" என்பாள். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்துத் தாத்தாவாக இருந்தால், "இன்னைக்கு என்ன பிரசங்கம்டே?" என்பார். பாட்டிக்குக் கோயில் என்றால் காண்பது. தாத்தாவுக்குக் கேட்பது. அந்தப் பையன் இரண்டையும் செய்யாமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருக்கலாம். அது வேறு கதை.

காண்பதற்கும் கேட்பதற்கும் நடுவே இங்கிலாந்தில் சில நூறு ஆண்டுகள் இழுபறி நடந்தது. கயிறு ஒரு பக்கம் இழுபட்ட ஒவ்வொரு தடவையும் கோயிலுக்குள் சாமான்கள் இடம் மாறின. பெரும்பாலும் கல் அப்படியே நின்றது, மரம்தான் ஆடியது. ஆகவே ஒரு பழைய ஆங்கிலேயக் கோயிலுக்குள் நுழைந்ததும் தூணையும் வளைவையும் பார்த்து நூற்றாண்டு சொல்வதை நான் கொஞ்சம் தள்ளிவைப்பேன். இங்கே வந்தவர்களை எந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்கள், எதைப் பார்க்கச் சொன்னார்கள் என்று தேடுவேன்.

சஃபக் மாவட்டத்தில் பிளைபரோ என்றொரு சிற்றூர். பிளைத் ஆறு கடலைத் தொடுவதற்கு முன் சேறும் நாணலுமாகப் பரந்து கிடக்கும் இடம். அந்தச் சதுப்புக்கு மேலே, நாலு வீடுகளுக்கு நடுவே, யானை படுத்ததுபோல ஒரு கோயில். பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் அமைந்தது. 'சதுப்புநிலத்துப் பேராலயம்' என்பது மக்கள் வைத்த செல்லப்பெயர். பேராயர் யாரும் அங்கே இருந்ததில்லை. அளவைப் பார்த்து வந்த பெயர்.

இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய கோயில் எதற்கு? ஊர் அப்போது சின்னதல்ல என்பதுதான் பதில். 15-ஆம் நூற்றாண்டில் ஆற்றில் கப்பல் வந்தது. கிழக்கு இங்கிலாந்து முழுவதும் கம்பளி, துணி வியாபாரத்தில் காசு புரண்டது. பக்கத்தில் அகஸ்டீன் சபைத் துறவியரின் மடம் ஒன்றும் இருந்தது. பழைய கோயிலின் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அந்த நூற்றாண்டில் புதிதாகக் கட்டினார்கள். பிறகு கப்பல்கள் பெரிதாயின, ஆறு தூர்ந்தது, 1537-இல் மடமும் மூடப்பட்டது. ஊர் சுருங்கியது. கோயிலைச் சுருக்க முடியவில்லை.

அந்தப் பகுதியில் கட்டடக் கல் கிடையாது. வயலைக் கிளறினால் கிடைப்பது சக்கிமுக்கிக்கல்தான். கையளவுக் கல், உடைத்தால் உள்ளே கண்ணாடிபோலக் கறுப்பு மினுக்கும். அதைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துப் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். மூலைக்கும் சன்னல் சட்டத்துக்கும் மட்டும் வெளியூரிலிருந்து வெட்டுக்கல் வரவழைத்தார்கள். அந்த வெளிர்கல்லில் பள்ளம் வெட்டி, உடைத்த சக்கிமுக்கியை மட்டமாகப் பதித்து, கறுப்பு வெள்ளைக் கோலம் போட்டார்கள். கல் இல்லாத ஊரின் பெருமை அது. சலவைக்கல் கிடைக்கும் ஊரில் யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள்.

கட்டடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கே கோபுரம், அதில் மணி. அதையடுத்து நீண்ட மக்கள்கூடம். கப்பல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதைக் குறிப்பார்கள். இரண்டு பக்கமும் தூண்வரிசை, அதற்கு அப்பால் பக்கக்கூடங்கள். கிழக்குக் கோடியில் குருகூடம், அதன் முடிவில் பலிபீடம். தெற்கே ஒரு முன்மண்டபம், அதுதான் வாசல். தூண்களுக்கு மேலே ஒரு மேல்வரிசைச் சன்னல். பிளைபரோவில் பக்கத்துக்குப் பதினெட்டு. வெயில் உள்ள நாளில் உள்ளே நின்றால் கூரை மிதப்பதுபோல இருக்கும்.

மக்கள்கூடம், குருகூடம் என்று இரண்டாகப் பிரித்தேன் அல்லவா? அது பக்திப் பிரிவு மட்டுமல்ல, கணக்குப் பிரிவும்கூட. 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே குருகூடத்தைப் பழுதுபார்ப்பது தசமபாகம் வாங்கும் குருவின் பொறுப்பு, மக்கள்கூடத்தைப் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு என்று ஆகிவிட்டது. பல கோயில்களில் மக்கள்கூடம் ராஜாபோல எழுந்து நிற்க, குருகூடம் அதன் பின்னால் கூனிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊர் போட்டிபோட்டுக் கொடுத்தது. குரு கணக்குப் பார்த்தார். நாம் 'பங்கு' என்கிறோமே, பொருத்தமான சொல் அது. பங்குக்காரர் என்றால் பங்கு கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கணக்கு செத்துப்போன பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். வார்விக்‌ஷரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்றொரு ஊர். அங்கே பண்ணை நிலம் வைத்திருந்த ஒரு தம்பதியரிடம், இந்த நிலத்தோடு குருகூடத்தைப் பழுதுபார்க்கும் கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது, காசை எடுங்கள் என்று கோயில்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. 2003-இல் தீர்ப்பு வந்தது, தம்பதியர் தோற்றார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கூரை 21-ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பத்தின் தலையில் இறங்கியது.

இப்போது 1500-ஆம் ஆண்டுக்குப் போவோம். கோயிலுக்குள் நுழைகிறீர்கள். இன்று நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறக் கல்லும் வெள்ளைச் சுவரும் அன்று கிடையாது. சுவரெல்லாம் சித்திரம். சன்னலெல்லாம் வண்ணக்கண்ணாடி. வடக்குச் சுவரில் குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபர், ஆளைவிட மூன்று மடங்கு உயரத்தில். பெரும்பாலும் வாசலுக்கு நேர் எதிரே அவரை வரைவார்கள். அவரைப் பார்த்துவிட்டுப் போனால் அன்றைக்குக் கெட்ட சாவு வராது என்பது நம்பிக்கை. வேலைக்குப் போகிறவன் கதவுக்குள் தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

கிழக்கே திரும்பினால் மக்கள்கூடத்துக்கும் குருகூடத்துக்கும் நடுவே ஒரு மரத்தட்டி. கீழ்ப்பாதி பலகை, அதில் புனிதர்களின் படங்கள். மேல்பாதி சாளரம்போல வேலைப்பாடு. தட்டியின் மேலே ஆள் ஏறி நிற்கும் பரண். பரணுக்கு மேலே சிலுவையில் தொங்கும் இயேசு, ஒரு பக்கம் மரியாள், மறுபக்கம் யோவான், ஆளுயர மரச்சிற்பங்களாக. அதற்குப் பின்னால் வளைவை அடைத்து இறுதித் தீர்ப்பின் ஓவியம். தட்டிக்கு அந்தப் பக்கம் குரு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் முணுமுணுக்கிறார். மொழி புரியாது, பாதி காதிலும் விழாது. ஒரு கணத்தில் மணி அடிக்கும். அப்பத்தை அவர் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். அதைக் கண்டால் போதும், வந்த காரியம் முடிந்தது. நம் பாட்டியின் 'பூசை கண்டியாலே' இதுதான். தூண் மறைக்கிறதே என்று சில கோயில்களில் சுவரைச் சாய்வாகக் குடைந்து எட்டிப்பார்க்கும் ஓட்டை வைத்திருக்கிறார்கள். கட்டடத்தையே துளைத்துப் பார்க்கும் அளவுக்குப் பார்வைக்கு மதிப்பு இருந்தது.

அந்தத் தீர்ப்பு ஓவியம் எப்படி இருக்கும் என்று காண பிளைபரோவிலிருந்து இரண்டு மூன்று மைல் போனால் போதும். வென்ஹாஸ்டன் என்னும் ஊரில் 17 அடி அகலத்தில் ஒரு மரப்பலகை ஓவியம் இருக்கிறது. மைக்கேல் தராசு பிடிக்கிறார், சாத்தான் பக்கத்தில் நின்று பேரம் பேசுகிறான். இடப்பக்கம் பேதுரு ஒரு ராஜாவையும் பேராயரையும் கர்தினாலையும் வரவேற்கிறார். எல்லோரும் அம்மணம், தலையில் மட்டும் கிரீடமும் தொப்பியும். வலப்பக்கம் பெரிய மீன்வாய்போல நரகம். இத்தனைக்கும் நடுவே மூன்று இடங்களில் வர்ணமே இல்லாமல் வெறும் மர நிழல்கள். சிலுவையும் மரியாளும் யோவானும் அங்கேதான் பொருத்தப்பட்டிருந்தார்கள். சிற்பங்களைப் பிடுங்கிய பிறகு அவை நின்ற இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தப் பலகை எப்படித் தப்பியது என்று பிறகு சொல்கிறேன்.

மக்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? நெடுங்காலம் எங்கேயும் உட்காரவில்லை. நின்றார்கள், முழங்காலிட்டார்கள், கிழவர்கள் சுவரோரக் கல்திண்ணையில் சாய்ந்தார்கள். கூடம் காலியாக இருந்தது. காலியாக இருந்ததால் ஊருக்கும் பயன்பட்டது. பஞ்சாயத்துப் பேசினார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள், கோயில் செலவுக்குப் பணம் திரட்ட பீர் காய்ச்சி விற்றுத் திருவிழாவும் கொண்டாடினார்கள். பெஞ்சு வந்ததும் இதெல்லாம் மெல்ல வெளியே போயிற்று. ஆணியடித்த பெஞ்சு ஒரு சத்திரத்தை வகுப்பறையாக்கிவிடும்.

கோயில் சீர்திருத்தக்காரர்கள்தான் பெஞ்சைக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. பிளைபரோவின் பெஞ்சுகள் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த துறவிகளின் காலத்திலேயே உட்கார்ந்து கேட்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெஞ்சுகளும் கண்ணுக்காகத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஓக் மரத்தில் ஒரு சிற்பம். பேராசைக்காரன் பணப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறான். பெருந்தீனிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சோம்பேறி படுக்கையில் கிடக்கிறான். புறங்கூறுகிறவனுக்கு நாக்கு வெளியே தொங்குகிறது. குடிகாரன் தொழுமரத்தில் மாட்டியிருக்கிறான். பக்கத்தில் விதைக்கிறவன், கதிர்க்கட்டு, பன்றி அறுக்கிறவன் என்று வருடத்தின் வேலைகள்.

இந்தப் பாவங்களின் முகங்களில் யாரும் பூதமில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் முகம். செதுக்கிய தச்சன் எந்த முகத்தை மனதில் வைத்துச் சோம்பேறியைச் செய்தான், அந்த ஆள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஐந்நூறு வருஷமாகக் கைபட்டுக் கைபட்டு அந்தத் தலைகள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. பிரசங்கம் நீளும்போது விரல்கள் பேராசைக்காரனின் மண்டையைத் தடவிக்கொண்டிருந்திருக்கும்.

அண்ணாந்து பாருங்கள். கூரை ஏறக்குறைய தட்டையானது. வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூங்கொடியும் இயேசுவின் பெயரெழுத்துகளும். பழைய வர்ணம், மங்கியிருக்கிறது, யாரும் புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்காமல் விட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். குறுக்கு உத்தரங்களின் நடுவே மரத்தாலான தேவதூதர்கள், இறக்கையை விரித்து, முதுகோடு முதுகாக, ஒருவர் கிழக்கே பார்க்க மற்றவர் மேற்கே பார்க்க.

1644 ஏப்ரல் 9-ஆம் தேதி இந்தக் கோயிலுக்கு வில்லியம் டவ்சிங் என்பவர் வந்தார். உள்நாட்டுப் போர்க்காலம். நாடாளுமன்றத் தரப்பின் மான்செஸ்டர் பிரபு கொடுத்த அதிகாரத்தோடு, கோயில்களில் உள்ள உருவங்களை ஒழிக்க கேம்பிரிட்ஜ், சஃபக் பகுதிகளில் அவர் ஊர் ஊராகச் சுற்றினார். வேலைக்குக் கூலியும் உண்டு, கோயிலுக்கு ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் நாட்குறிப்பு எழுதினார். எதை எங்கே உடைத்தேன் என்று எண்ணி எண்ணி எழுதினார். அழித்தவரின் கணக்குப் புத்தகமே இன்று அழிந்தவற்றின் பட்டியலாகிவிட்டது. பிளைபரோவில் இருபது படங்களை ஒழித்ததாகவும், இன்னும் இருநூறுக்கு மேற்பட்டவற்றை எட்டு நாளுக்குள் அகற்ற உத்தரவிட்டதாகவும், இருபது கேருபீன்களை, அதாவது அந்தத் தூதர்களை, இறக்கச் சொன்னதாகவும் குறிப்பு இருக்கிறது. கண்ணாடி போயிற்று. தூதர்கள் போகவில்லை. அத்தனை உயரத்துக்குச் சாரம் கட்ட யார் காசு கொடுப்பது?

தூதர்களின் உடம்பில் ஈயக் குண்டுகள் புதைந்திருந்தன. டவ்சிங்கின் ஆட்கள் எட்டாத கோபத்தில் சுட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். நல்ல கதை. ஆனால் கோயிலின் வரவுசெலவுக் கணக்கில், 1761-ஆம் ஆண்டில், கோயிலுக்குள் புகுந்த ஜாக்டா பறவைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு எழுதியிருக்கிறது. ஜாக்டா என்பது நம் காக்கைக்குத் தம்பி, கூரை இடுக்கில் குச்சி சேர்த்துக் கூடு கட்டும். பறவைக்குக் குறிவைத்தது தூதருக்குப் பட்டிருக்கிறது. மதவெறிக்குப் போட்ட பழியைக் காக்கைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. எனக்கும் முதல் கதைதான் பிடித்திருந்தது, என்ன செய்வது.

அதே மாவட்டத்தில் அஃபர்டு என்னும் ஊரில் டவ்சிங் தரப்புக்கு வேறு அனுபவம். அங்கே ஞானஸ்நானத் தொட்டிக்கு ஒரு மூடி இருக்கிறது. மூடி என்றால் நம் வீட்டுப் பானை மூடி இல்லை. சுமார் 18 அடி உயரம், அடுக்கடுக்காக எழும்பும் மரக்கோபுரம், உச்சியில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா. தூக்கினால் கீழடுக்கு மேலடுக்கின் மேல் ஏறிக்கொள்ளும் வித்தையும் உண்டு. தொட்டிக்கு மூடி வந்த காரணம் அழகுக்காக அல்ல. மந்திரித்த தண்ணீரைச் சூனியக்காரர்கள் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று 1236-இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் ரிச் எல்லாத் தொட்டிகளையும் மூடிப் பூட்டச் சொன்னார். திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு இருநூறு முந்நூறு வருஷத்தில் கோபுரமாக வளர்ந்துவிட்டது. அஃபர்டின் வார்டன்கள், நம் பேச்சில் தர்மகர்த்தாக்கள், டவ்சிங்கின் ஆட்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்கவைத்தார்கள். சாவி தரவில்லை. உள்ளே போனவர் அந்த மூடியை போப்பாண்டவரின் மும்முடிக் கிரீடத்தோடு ஒப்பிட்டு, வியந்த மாதிரியே எழுதிவைத்தார். மூடி இன்றும் இருக்கிறது.

டவ்சிங் வந்தபோது பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. நூறு ஆண்டுக்கு முன், சிறுவன் அரசன் ஆறாம் எட்வர்ட் 1547-இல் பட்டத்துக்கு வந்ததும் சிற்பங்களைப் பிடுங்கினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், 1550-இல் கல் பலிபீடத்தை எடுத்துவிட்டு மரமேசை போடச் சொன்னார்கள். மேரி ராணி வந்து எல்லாவற்றையும் திரும்ப வைக்கச் சொன்னாள். ஐந்து வருஷத்தில் அவள் போனதும் எலிசபெத் மறுபடி எடுக்கச் சொன்னாள். ஊர்க்காரர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்: கழற்றி, ஒளித்து, வெளியே எடுத்து, மறுபடி ஒளித்து. 1561-இல் பரண்களை இறக்கும் உத்தரவு வந்தது. கீழே உள்ள தட்டியை மட்டும் விடலாம். பரணுக்கு ஏறும் படிகள் சுவருக்குள்ளே கட்டியவை. அவற்றை எடுக்க யாரும் மெனக்கெடவில்லை. இன்றும் பல கோயில்களில் சுவரில் ஒரு சின்ன வாசல், உள்ளே வளைந்தேறும் படி, பத்தடி உயரத்தில் இன்னொரு வாசல், அதற்கு அப்பால் வெறும் காற்று.

சிலுவை நின்ற இடத்தில் அரசாங்க முத்திரையை மாட்டினார்கள். சித்திரம் இருந்த சுவரில் பத்துக் கட்டளைகளை எழுதினார்கள். வென்ஹாஸ்டன் பலகையையும் சுண்ணாம்பால் மூடி, ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் விவிலியப் பகுதியை எழுதிவைத்தார்கள். படம் போய் எழுத்து வந்தது. எழுத்துத் தெரியாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். முன்னதில் மீன்வாயாவது இருந்தது.

இனி காதின் காலம். மக்கள்கூடத்தில் பிரசங்கபீடமே முக்கியச் சாமானாயிற்று. அதன் தலைக்கு மேலே ஒரு பலகைக்குடை, குரல் மேலே போய்த் தொலையாமல் கீழே திருப்பிவிட. பக்கத்தில் ஒரு மணல்கடிகாரம். ஒரு மணி நேரப் பிரசங்கம் என்றால் ஒருவன் நின்றுகொண்டு கேட்பானா? பெஞ்சுகள் பெட்டிகளாயின. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பலகைச் சுவர், கதவு, உள்ளே குடும்பம். குளிருக்கு இதம், தூங்கினால் வெளியே தெரியாது. பெட்டிக்கு வாடகை, வாடகைக்கேற்ற இடம், இடத்துக்கேற்ற மரியாதை.

இதை முழுசாகக் காண யார்க்‌ஷர் கடற்கரையில் விட்பி ஊரின் புனித மரியாள் கோயிலுக்குப் போகவேண்டும். உள்ளே கப்பலின் அடித்தளம்போலப் பெட்டிகள், மாடங்கள். சில பெட்டிகளில் அந்நியருக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. நடுவே 1778-இல் செய்த மூன்றடுக்குப் பிரசங்கபீடம்: கீழே எழுத்தர், நடுவில் வாசிப்பவர், உச்சியில் பிரசங்கி. அந்தப் பீடத்தின் பின்னால் காது கேளாத ஒரு குருவின் மனைவிக்காகக் கேள்விக்குழல்கள் பொருத்தியிருக்கிறார்கள். கணவர் வீட்டில் பேசியது போதாதா என்று அந்த அம்மாள் கேட்டதாகக் குறிப்பு எதுவும் இல்லை.

அங்கே என் கண்ணை விட்டு அகலாதது வேறொன்று. குருகூடத்து வளைவுக்குக் குறுக்கே, முறுக்குத் தூண்களின் மேல், சோம்லி என்னும் ஜமீன் குடும்பத்தின் மாடம். முன்பு சிலுவைப் பரண் இருந்திருக்க வேண்டிய அதே இடம். கும்பிட வந்தவர்கள் அண்ணாந்தால் தொங்கும் இயேசுவுக்குப் பதிலாக நிலக்கிழாரின் குடும்பம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டத்துக்கு இந்த ஒரு படத்தை மட்டும் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

இடையில் ஒரு நாய் விவகாரம். நற்கருணை மேசை நகர்த்தக்கூடிய மரச்சாமான் ஆனதும் அதன்மேல் தொப்பி வைத்தார்கள், கணக்கெழுதினார்கள், நாய் காலைத் தூக்கியது. பிளைபரோவும் அடங்கிய நாரிச் மறைமாவட்டத்தின் பேராயர் மேத்யூ ரென் 1636-இல் மேசையைக் கிழக்குச் சுவரோரம் வைத்து, ஒரு கெஜ உயரத்துக்குக் கிராதி போடச் சொன்னார். நாய் நுழையாத அளவுக்கு நெருக்கமாகக் கம்பம் இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே இருக்கிறது. அந்தக் கிராதி கத்தோலிக்க வாடை அடிக்கிறது என்று பல ஊர்களில் கலகம் செய்து பிடுங்கினார்கள். மரக்கிராதிக்காக அடிதடி என்றால் நமக்குச் சிரிப்பு வரும். மண்டபத்தில் யார் எங்கே நிற்பது என்பதற்காக நாம் நடத்தாத வழக்கா?

காதின் காலத்தில் பிறந்த ஆங்கிலேயக் கோயில் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் கோயில். ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது 1678-இல் தொடங்கி 1680-இல் திறந்தார்கள். தட்டி இல்லை, பரண் இல்லை, சுவரில் புனிதர் இல்லை, மேற்கே மேல்மாடம் உண்டு. கூரையில் ஒரு மரத்துண்டு கிடையாது. பீரங்கிக் குண்டுக்குத் தாங்கும்படி நாலடிச் சுவர், அதன்மேல் கமான் வளைத்த கூரை. ஊரில் சக்கிமுக்கியால் கட்டியவர்கள் இங்கே கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள். ஞானஸ்நானத் தொட்டி நம் பல்லாவரத்துப் பக்கத்துக் கருங்கல். பின்னாளில் கல்கத்தாவுக்கு அடிபோட்ட ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கு 1689-இல் இந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம். சார்னாக்கின் கல்லறைக் கல்லும் பல்லாவரத்து வகைதான். அதை வைத்தே அந்தப் பாறைக்கு சார்னாக்கைட் என்று பெயர் வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் கயிறு மறுபடி கண் பக்கம் இழுபட்டது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் 1839-இல் கேம்டன் சங்கம் தொடங்கி, இடைக்காலக் கோயிலே கோயில், பெட்டி இருக்கைகள் அசிங்கம் என்று பிரசாரம் செய்தார்கள். ஊருக்கு ஊர் பெட்டியை உடைத்தார்கள், மாடத்தை இறக்கினார்கள், பீடத்தை உயர்த்தினார்கள், பழசு மாதிரியே புதுசு செய்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த அழிவு என்பது என் எண்ணம். டவ்சிங்காவது எதை உடைத்தார் என்று எழுதிவைத்தார். இவர்கள் சுரண்டி எறிந்த பூச்சுக்கு அடியில் என்ன ஓவியம் இருந்தது என்று கேட்க ஆளில்லை.

வென்ஹாஸ்டன் பலகையும் அப்படித்தான் வெளியே போனது. 1892-இல் கோயிலைப் புதுப்பித்தபோது, சுண்ணாம்பு பூசிய பழம்பலகைதானே என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்தது. காலையில் வந்தவர்கள் பார்த்தால் புல்தரையில் கிடந்தபடி பேதுருவும் சாத்தானும் அம்மண ராஜாவும். முந்நூறு வருஷம் கழித்து வெளிச்சம் கண்டிருக்கிறார்கள்.

பிளைபரோ கோயிலையோ ஊரின் வறுமை காப்பாற்றியது. பணமிருந்த ஊர்கள் கோயிலைப் புதுசாக்கிக்கொண்டன. இங்கே ஓட்டையை அடைக்கவே காசில்லை. 1577 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஆராதனை நேரத்தில் இடி விழுந்து, கோபுரத்தின் உச்சியிலிருந்த கூர்முனை கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கி, ஒரு ஆளும் ஒரு சிறுவனும் செத்தார்கள். கறுப்பு நாய் உருவில் சாத்தான் ஓடிப்போனான் என்றும், வடக்குக் கதவில் இருக்கும் கருகல் அதன் நகம் பட்டது என்றும் கதை. அந்தக் கூர்முனையைத் திரும்ப வைக்கவேயில்லை. மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள் என்று சொல்லுமளவுக்குக் கூரை ஆகி, 1881-இல் ஆபத்தான கட்டடம் என்று பேராயரே கோயிலை மூடினார். பழுதுபார்ப்புப் பேச்சு வந்ததும் வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் குறுக்கே வந்து, புதுசாக்காதே, தாங்கிப்பிடி என்று சண்டை போட்டது. சண்டை முடிய ஆண்டுகள் ஆயின. அந்த இழுபறியில்தான் தூதர்களின் பழைய வர்ணம் மிஞ்சியது.

கடைசியாக ஒரு மரச்சாமான். குருகூடத்துப் பக்கம் அப்போஸ்தலர்கள் வரிசையாகச் செதுக்கிய பழைய இருக்கைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றைப் பள்ளிக்கூட மேசையாகப் பயன்படுத்தினார்கள். மைக்கூடு வைக்கத் துளை போட்டிருக்கிறார்கள். அதன் மேல்பலகையில் கத்தியால் ஒரு பெயர் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது: டிர்க் லோவர்சன் வான் ஸ்டாக்ஹோம், 1665, வயது 12. டச்சுக்காரப் பையன். எழுத்து நேர்வரிசையாக, நிதானமாக இருக்கிறது. ஒரே நாளில் முடிந்த வேலையாகத் தெரியவில்லை.